சதுப்பைச் சதுப்பாகவே விடச் சொன்னவர்களுக்கு நன்றி

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பகுதி மாதர் மன்றத்தில் ஏழு ஆண்டுகளாக நான் வகித்துவந்த நீர்நிலைப் பொறுப்பை இந்த மாதம் இளையவர் ஒருவரிடம் ஒப்படைக்கிறேன். மன்றத்தின் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக எழுதப்பட்டிருக்கும் பணிகளில் பெரும்பாலானவற்றைச் செய்து முடித்தவர்கள் வேறு பலர். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்காக எங்களோடு நின்ற அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லாமல் விலகுவது முறையாகாது.

முதல் நன்றி, எங்களைத் தடுத்து நிறுத்தியவருக்கு. தொடக்கத்தில், சதுப்பின் ஓரத்தில் மரம் நட வேண்டும், நடைபாதையும் இருக்கைகளும் அமைக்கக் கோர வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றி, கன்றுகளுக்குப் பணமும் திரட்டியிருந்தோம். இதைக் கேள்விப்பட்டு எங்கள் கூட்டத்துக்கு வந்த ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர், கடிந்து ஒரு சொல்லும் பேசாமல், மறுநாள் விடியற்காலையில் எங்களில் ஆறு பேரைத் துரைப்பாக்கம் சாலையோரத்துக்கு அழைத்துச் சென்று தம் இருநோக்கியைக் கையில் கொடுத்தார். கணுக்கால் அளவு நீரில் நெடுங்கால் உள்ளான்கள் இரை தேடுவதையும், சம்புப் புதரின் விளிம்பில் நீலத் தாழைக்கோழி குஞ்சுகளோடு நடப்பதையும் அன்றுதான் நிதானமாகப் பார்த்தோம். இந்த வெட்டவெளிதான் அவற்றுக்குப் பாதுகாப்பு என்றும், இங்கே உயரமான மரங்களை வளர்த்தால் பருந்துகள் அமர்ந்து வேட்டையாட நாமே இடம் அமைத்துக் கொடுத்தது போலாகும் என்றும் அவர் விளக்கினார். கன்றுகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டோம். அன்று முதல் எங்கள் மனுக்கள் எதிலும் ‘அழகுபடுத்துதல்’ என்ற சொல் இடம்பெறவில்லை.

அடுத்து, ஜல்லடியன்பேட்டைப் பக்கம் வாழும் அந்த மூதாட்டிக்கு. இளம் வயதில், கழுவெளி என்று ஊரார் அழைக்கும் இந்தச் சதுப்பில் கோரை அறுத்தும் விரால் பிடித்தும் குடும்பத்தைக் காத்தவர் அவர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருக்களில் ஏன் அவ்வளவு நீர் தேங்கியது என்று பல கூட்டங்களில் பேசியும் எங்களுக்குத் தெளிவாகாத ஒன்றை, அவர் தம் வீட்டுத் திண்ணையில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அது நிரம்பினால் கழுவெளிக்கும் வரும் நீர், அங்கே சில நாள் தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். தங்கும் இடத்தில் மண் கொட்டினால் நீர் தெருவில்தான் தங்கும் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதி மனுவோடு இணைத்தோம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகக் கணக்கிடப்படும் சதுப்பில் சிறு பங்கே இன்று எஞ்சியிருக்கிறது என்று நான் மேடையில் சொன்னபோது கிடைக்காத கவனம், எந்தப் பள்ளத்தில் தாம் கோரை அறுத்தார், அங்கே இப்போது என்ன நிற்கிறது என்று அந்த அம்மா பகுதிசபைக் கூட்டத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னபோது கிடைத்தது. இந்த ஏழு ஆண்டுகளில் நான் கேட்ட மிகச் சிறந்த உரை அதுவே.

வனத்துறையின் களப்பணியாளர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 2007இல் சதுப்பின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டதும், 2022இல் ஏறத்தாழ 1,247 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் செய்தியாக வந்தன. ஆனால் பெருங்குடிக் குப்பைமேட்டின் புகையை மூச்சில் வாங்கிக்கொண்டு, இரவில் கட்டட இடிபாடு கொட்டவரும் லாரிகளை மறிக்கும் காவலர்களின் உழைப்பு செய்தியாவதில்லை. இத்தகைய லாரிகளைப் பற்றி நாங்கள் கொடுத்த மனு ஓர் அலுவலகத்தில் இருமுறை காணாமற்போனது. மூன்றாம் முறை அது எண்ணிட்டுப் பதிவாகும்வரை எங்களோடு காத்திருந்த இளம் வழக்கறிஞர் எங்களிடம் கட்டணம் ஏதும் வாங்கவில்லை.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குப் பண்டிகை வேலைகளுக்கிடையிலும் பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கும், வீட்டுக்குக் கரும்பு வாங்கப் போகும் முன் பூநாரைகளை எண்ணிவிட்டுப் போன அந்தப் பிள்ளைகளுக்கும் என் அன்பு. எண்ணிக்கையில் ஐயம் வந்தால் குறைத்தே எழுத வேண்டும் என்ற ஆசிரியரின் விதியை அவர்கள் ஒருமுறையும் மீறியதில்லை. அதிகாரிகளின் முன் எங்கள் குறிப்பேட்டை நான் தயக்கமின்றி வைக்க முடிந்தது அதனால்தான்.

மன்றத் தோழியரைத் தனியே குறிப்பிடுவது அவர்களுக்குப் பிடிக்காது என்றாலும், ஆகாயத்தாமரை மண்டிய ஓடையில் என்னோடு சேறு மிதித்தவர்களை நான் மறக்கப்போவதில்லை.

மூதாட்டி திண்ணையில் காட்டிய நீர்வழியை, தெருப்பெயர்களோடு ஒரு வரைபடமாக வரைந்து வைத்திருக்கிறோம். அதன் படிகள் மன்ற அலுவலகத்தில் உள்ளன. வீடு கட்டவோ மனை வாங்கவோ எண்ணும் எவரும், முன்பணம் கொடுப்பதற்கு முன் வந்து ஒரு படி பெற்றுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
நீர்நிலைப் பொறுப்பிலிருந்து விடைபெறும் உங்கள் சகோதரி