தலைவரே, நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து காட்டுங்கள்

மலேசியா, சுங்கை சிப்புட், எங்கள் தாமான் குடியிருப்புக் கோயில் நிர்வாகக் குழுத் தலைவருக்கும் செயலவையினருக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு முன்னால் அறுபது தாண்டியவர்களுக்கு அரிசி, எண்ணெய், பிஸ்கட் டின் கொடுப்பது நம் கோயில் வழக்கம். இந்த வருஷம் பை வாங்க வருகிறவர்களை ஆளுக்குப் பத்து நிமிஷம் என்னிடம் விடுங்கள், உடம்பில் தெம்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். முப்பது வருஷம் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊசி கிடையாது, பயப்பட வேண்டாம்.

என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓர் அக்கா இருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் வாளி இரண்டையும் காண்டாக் கம்பில் தூக்கி நடந்த தோள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போவார். இனிப்புநீரும் ரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இருக்கின்றன என்பார்கள், திரும்பி வருவார். கை வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியதை அங்கே யாரும் பார்க்கவில்லை. ரவிக்கையை ஊக்கு குத்திப் பிடித்திருந்தார். கோயிலுக்கு வரும் வழியில் மளிகைக் கடை வாசலில் ஒருதரம், மேட்டில் ஒருதரம் நிற்பார். "வயசாச்சுல்ல தங்கச்சி" என்பார். நானும் "ஆமாக்கா" என்றேன். இந்த வேலை தெரிந்த நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. பிறகு குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆப்பரேஷன் நன்றாகத்தான் நடந்தது, அக்காதான் எழுந்திருக்கவில்லை.

வளையலும் ஊக்கும் வழியில் நின்றதும் சும்மா இல்லை. 2001-இல் லிண்டா ஃபிரீட் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு, 65 வயதுக்கு மேற்பட்ட 5,317 பேரை ஆராய்ந்து ஐந்து அடையாளங்களை வரிசைப்படுத்தியது: தானாகவே ஒரு வருஷத்தில் நாலரைக் கிலோவுக்கு மேல் இளைப்பது, எதற்கெடுத்தாலும் அலுப்பு, கைப்பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது. மூன்று இருந்தால் தளர்நிலை. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசற்படியில் நிற்கிறோம். தளர்ந்தவர்கள்தான் பின்னால் அதிகம் விழுந்தார்கள், ஆஸ்பத்திரியில் படுத்தார்கள், சீக்கிரம் இறந்தார்கள். வயதை மட்டும் வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. எண்பதில் நம் கோயில் மணியை ஓங்கி அடிக்கிற தாத்தாவும் உண்டு, அறுபத்தைந்தில் துவண்டவரும் உண்டு.

எனக்கு வேண்டியது கைப்பிடி இல்லாத ஒரு மர நாற்காலி. மண்டபத்துப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வேன். பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். தசை இழப்பு பற்றி ஆசிய நிபுணர் குழு 2019-இல் வைத்த கணக்குப்படி 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். பிறகு ஆறு மீட்டர் நடை. விநாடிக்கு ஒரு மீட்டர் போகாவிட்டால் அதுவும் குறிப்பில் ஏறும். கடைசியில் தையல் நாடாவால் கெண்டைக்கால் சுற்றளவு: ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. (கால் வீங்கியவர்களிடம் நாடா பொய் சொல்லும்.)

இது வெறும் சல்லடைதான், முடிவு சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால் எண்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்துவிடுவேன். "அலுப்பா இருக்கு டாக்டர்" என்றால் வைட்டமின் மாத்திரை வரும். "எழுந்து உட்கார 17 விநாடி" என்றால் டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார், தலை சுற்ற வைக்கிற மாத்திரை எது என்று தேடுவார், கால் தசைக்குப் பயிற்சி சொல்லித்தர அனுப்புவார். ஆரம்பத்திலேயே பிடித்தால், பயிற்சியாலும் புரதச் சாப்பாட்டாலும் பலருக்குத் தெம்பு திரும்புகிறது.

பிஸ்கட் டின்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோப்பியில் நாலு பிஸ்கட் தொட்டுத் தின்றுவிட்டு இரவுச் சாப்பாடு முடிந்தது என்கிற பாட்டிகளை எனக்குத் தெரியும். கோயில் பையில் முட்டை வைக்க முடியாதுதான். பாசிப்பயறும் கொண்டைக்கடலையும் வைக்கலாமே? பல் இல்லாதவர்களுக்குக் குழைய வேகவைக்கிற பக்குவத்தை நான் சொல்லித் தருகிறேன்.

மண்டபத்துச் சாவி மட்டும் ஒரு ஞாயிறு காலை வேண்டும். தலைவர் அண்ணே, நாற்காலியில் முதலில் நீங்கள்தான் உட்கார வேண்டும். உங்களுக்கும் அறுபது தாண்டியாயிற்று. நீங்கள் எழுந்து காட்டாவிட்டால் ஆண்கள் ஒருத்தரும் வரிசைக்கு வரமாட்டார்கள்.

அன்புடன்,
மூன்றாவது சாலை மிஸ்ஸி