பதிப்பகம் தேடும் கூட்டாளிக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

அக்கரைப்பற்றிலிருந்து பஸ்ஸில் கொடுத்துவிட்ட உன் நாவல் பொதி நனையாமல் வந்து சேர்ந்தது. கிழக்கில் தமிழரும் முஸ்லிம்களும் கொல்லப்பட்ட 1990 ஆகஸ்டை இரண்டு பக்கத்துச் சனத்தின் வாயாலும் சொல்ல வைத்திருக்கிறாய். இது கட்டாயம் புத்தகமாக வரவேண்டும். எந்தப் பதிப்பகம் துணிந்து போடும் என்று கேட்டிருந்தாய். பதிப்பாளருக்கு உன் கருத்தில் பெரிய பயம் இருக்காது. நாளைக்கு ஒருவர் ஒரு பக்கத்தை விரித்துக் காட்டி “இது பொய்” என்று வந்து நின்றால் என்ன பதில் சொல்வது என்றுதான் யோசிப்பார். அந்தப் பக்கங்களை நாங்கள் முதலில் தேடிப் பிடிக்க வேணும்.

எனக்கு அகப்பட்டவை மூன்று. ஆறாம் அத்தியாயத்தில் வீரமுனையில் தமிழர் கொல்லப்பட்ட செய்தி முதலில் வருகிறது, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட செய்தி பிறகு. நடந்த ஒழுங்கு வேறு. பள்ளிவாசல்கள் ஆகஸ்ட் 3, வீரமுனை ஆகஸ்ட் 12. இந்த ஒன்பது நாளும் இடம்மாறினால் எது எதற்குப் பதிலாக நடந்தது என்ற அர்த்தமே தலைகீழாகிவிடும். இதைத் திருத்தாமல் ஒருவருக்கும் அனுப்பாதே. இரண்டாவது, இறந்தவருக்காகத் தொழும் ஜனாஸாத் தொழுகையில் சனம் குனிந்து நிலத்தில் நெற்றி வைப்பதாக எழுதியிருக்கிறாய். அந்தத் தொழுகையில் குனியும் ருகூவும் இல்லை, நெற்றி வைக்கும் சுஜூதும் இல்லை. நின்ற நிலையிலேயே தக்பீர் கட்டி முடிப்பார்கள். ஒரு முஸ்லிம் வாசகர் அந்த வரியோடு புத்தகத்தை மூடிவிடுவார், அதன்பிறகு நீ எழுதிய உண்மைகளையும் நம்பமாட்டார். மூன்றாவது, நாவலில் வரும் அந்த வண்ணக்கர், கோயில் நிர்வாகி. ஒரு கோயிலுக்குத் தலைமை வண்ணக்கர் ஒருவர்தான். ஊரின் பெயரையும் ஆண்டையும் போட்டால் ஆளின் பெயரைப் போட்டது மாதிரித்தான். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002இல் நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போட இன்றைக்கும் வழியுண்டு. பதிவான சம்பவங்களுக்கு உண்மையான ஊர்ப்பெயர் இருக்கட்டும், அந்தக் கோயில் ஊருக்கு மட்டும் ஒரு கற்பனைப் பெயர் வை. திருத்தியபின் அந்த மாதத்தை நேரில் கண்ட ஒரு தமிழரும் ஒரு முஸ்லிமும் முழுப் பிரதியையும் வாசிக்க வேணும்.

சட்டத்தில் நீ பார்க்கவேண்டியது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, சிவில், அரசியல் உரிமைகள் சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவு. இன, மத வெறுப்பைத் தூண்டுவது பற்றியது. இதில் பிடித்தால் நீதவான் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேணும். 2019இல் ஒரு சிங்களச் சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார இதே சட்டத்தில் உள்ளே இருந்தார். அஹ்னாப் ஜஸீம் தன் தமிழ்க் கவிதைத் தொகுதியால் 2020இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார், 2023 டிசம்பரில் விடுதலையானார். அவருடைய வரிகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டு வாசிக்கப்பட்டதை நீ மறக்கக்கூடாது. ஆகவே நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கொண்டு நாவலின் சுருக்கத்தை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டிரண்டு பக்கம் இப்போதே எழுதுவித்து வை. ஊர்க்காவல் படைக்காரன் பேசும் அந்தக் கொடிய வசனம் அத்தியாயத்துக்குள் இருக்கலாம், இருக்கவும் வேணும். அதைப் பின்னட்டையில் தூக்கிப் போட ஒருவரையும் விடாதே. அட்டையை மட்டும் படம் பிடித்துப் பரப்புகிறவர்களுக்கு அது போதும்.

அனுப்பும்போது முழு நாவலையும் அனுப்பாதே. ஒரு பக்கக் கடிதம், முடிவையும் சொல்லும் 700 சொல் சுருக்கம், முதல் மூன்று அத்தியாயம். கடிதத்தில் சர்ச்சையை ஒளிக்கவும் வேண்டாம், ஊதவும் வேண்டாம். “1990இல் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் செய்ததை இரு பக்கமும் பேசும் நாவல்” என்ற ஒரு வரி போதும். சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியை ஒட்டி வருவதால் அங்குள்ள பதிப்பகங்களுக்கு ஆனி, ஆடிக்குள் போய்ச் சேரவேணும். கார்த்திகையில் அனுப்பினால் மேசையில் கிடக்கும். மூன்று மாதம் பொறுத்து ஒருதரம் நினைவூட்டு.

நீ தட்டியிருப்பது பாமினி, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துரு. யூனிகோடு மாற்றியில் போட்டால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களெல்லாம் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும், ‘ஔ’ வருமிடங்களில் ஒகரமும் ளகரமும் பிரிந்து நிற்கும். ஆங்கிலச் சொற்களை முதலில் நிறமிட்டுப் பிரித்துவிட்டு ஒவ்வொரு அத்தியாயமாக யூனிகோடுக்கு மாற்று. பிறகு தாளில் அச்செடுத்து வாசி, திரையில் இந்தப் பிழைகள் கண்ணுக்குத் தெரியாது.

ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடமுதல் எனக்குக் காட்டு. அச்சிட்ட விலையில் 10 வீதம் உரிமைத்தொகை, எத்தனை பிரதி என்ற எண்ணிக்கை, ஐந்து வருடக் காலக்கெடு, இவை வழமையானவை. உன் நாவலுக்கு மேலதிகமாக மூன்று வரி வேணும். எழுத்தில் உன் சம்மதம் இல்லாமல் ஒரு வசனமும் வெட்டக்கூடாது. எதிர்ப்பு வந்து பதிப்பகம் நூலை மீளப்பெற்றால் உரிமை அன்றைக்கே உன்னிடம் திரும்பவேணும், பக்கம் அமைத்த கோப்புகளோடு. வழக்குச் செலவு முழுவதும் ஆசிரியர் தலையில் என்ற வாசகம் இருந்தால் அடித்துவிடச் சொல். இலங்கைப் பதிப்புரிமையையும் கொடுத்துவிடாதே. இந்திய விலையை மூன்றரையால் பெருக்கிப் பார், 400 ரூபாய்ப் புத்தகம் இங்கே 1400 ரூபாயில் போய் நிற்கும். நீ யாரைப்பற்றி எழுதினாயோ அந்தச் சம்மாந்துறை, வீரமுனைச் சனத்தால் அதை வாங்கமுடியாது. எனக்கு இதுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது.

ஆகவே இங்கே ஒரு பதிப்பை நாமே போடுவோம். 60,000 சொல், டெமி அளவில் பக்கத்துக்கு 240 சொல் வைத்தால் 250 பக்கம் வரும். அச்சுத் தாள் 16 பக்கப் பாரமாக மடிவதால் 256இல் நிறுத்தவேணும். முதலில் 100 பிரதி டிஜிட்டலில், கேள்வி இருந்தால் 500 ஓப்செற்றில். நூல்கட்டுத் தையல் கேள், வெறும் பசையென்றால் எங்கள் வெக்கைக்கு நடுப்பக்கங்கள் கழன்றுவரும். நூலில் அச்சகத்தின் பெயரும் போவதால் பாதியில் பின்வாங்கும் அச்சகங்கள் உண்டு. உள்ளடக்கத்தை முன்கூட்டியே வாயால் விளங்கப்படுத்திவிட்டு மதிப்பீட்டை எழுத்தில் வாங்கு. முற்பணம் பாதிக்குமேல் கொடுக்காதே, அட்டைக் கோப்பும் பக்கக் கோப்பும் உன்னிடம் இருக்கட்டும். ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணுக்குக் கொழும்பு தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் விண்ணப்பிக்கவேணும். அச்சானதும் ஐந்து பிரதி தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போகவேணும்.

வெளியீட்டைத் தேவநாயகம் மண்டபத்தில் பெரிதாக வைக்கும் யோசனை வேண்டாம். முதற்பிரதி வாங்கப் பண உறையோடு வருபவர் அட்டையைக் கண்டதும் வராமல் விட்டால் அச்சுக்கூலியும் நிலுவையில் நிற்கும். நாற்பது பேர், கல்முனையில் ஒரு கூட்டம், இங்கே ஒரு கூட்டம், இரண்டிலும் புத்தகத்தை முன்பே வாசித்தவர்கள் பேசட்டும்.

மழை விட்டதும் வாவிக்கரைப் பக்கம் வா. ஆறாம் அத்தியாயத்தைத் திருத்தி, சிவப்புப் பேனையால் நான் கோடு போட்ட பிரதியையும் எடுத்துக்கொண்டு வா.

அன்புடன்,
உன் கூட்டாளி