விவசாயிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு சங்க வேலையில் பெரும்பகுதி ஃபெஞ்சல் புயல் நிவாரணத்துக்கே போனது. 2024 நவம்பர் 30 இரவு புயல் கரையைக் கடந்தது. டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கன அடி திறந்ததில் தென்பெண்ணை கரை புரண்டது. சம்பா பயிர் மூழ்கியது. ஆற்றோர வயல்களில் மணல் ஏறியது.

33 சதவீதத்துக்குக் குறையாத சேதத்துக்கு அரசு அறிவித்தது எக்டேருக்கு: பாசன நெல் ரூ.17,000, மானாவாரி ரூ.8,500, பல்லாண்டுப் பயிர் ரூ.22,500. பேரிடர் நிதி விதிப்படி ஒருவருக்கு 2 எக்டேர் வரைதான். ஏக்கர் கணக்கில் நெல்லுக்கு ரூ.6,880 வரும்.

பணம் குறைந்து வந்தவர்கள் முதலில் பரப்பளவைப் பாருங்கள். பட்டாவில் 0.48.50 என்றிருந்தால் 48.5 ஏர்ஸ் (100 ஏர்ஸ் ஒரு எக்டேர்), அதாவது 1 ஏக்கர் 20 சென்ட், நெல்லுக்கு ரூ.8,245 வர வேண்டும். அதையே 48.5 சென்ட் என்று பதிந்துவிட்டால் ரூ.3,337 தான் ஏறும். அலகைத் தவறாகப் படித்ததில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. சேதக் கணக்கெடுப்புப் பட்டியலை முன்கூட்டியே ஊரில் ஒட்டியிருந்தால், படிக்கத் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பணம் ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

பணமே வராதவர்களுக்குக் காரணம் வேறு. பட்டா இறந்துபோன தகப்பனார் பெயரிலேயே இருப்பது, கூட்டுப் பட்டாவில் ஒருவர் கணக்கு மட்டும் சேர்ந்திருப்பது, அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேட்டில்) பயிர் ஏறாதது. ஆதார் வழிப் பட்டுவாடா என்றால், கடைசியாக ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம் போகும். பழைய பாஸ்புக்கை வைத்துக்கொண்டு காத்திருந்து பயனில்லை. ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி என்று பார்க்கலாம். பயிர் வைத்தது குத்தகைதாரராக இருந்தும் பணம் பட்டாதாரருக்குப் போவதுதான் நெஞ்சை அறுக்கிறது. அடங்கலில் சாகுபடிதாரர் பெயரை ஏற்றாமல் இதற்கு விடிவில்லை.

மணல் விஷயம் பலருக்குத் தெரியவில்லை. 3 அங்குலத்துக்கு மேல் படிந்திருந்தால், அதை அகற்றச் சிறு, குறு விவசாயிகளுக்கு எக்டேருக்கு ரூ.18,000 என்று அதே பேரிடர் நிதி விதியில் தனி இனம் உண்டு. ஜேசிபி விடுவதற்கு முன் மணலில் அளவுகோலைக் குத்தி நிறுத்தி, புல எண் எழுதிய அட்டையோடு படம் எடுத்து மனுவில் சேர்க்க வேண்டும். அள்ளிய பிறகு கேட்டால் சான்று இருக்காது.

மானியத் திட்டங்களின் பயனாளி விவரத்தைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(b). வெளியிடாதபோது ரூ.10 கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டாட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். கேட்க வேண்டியவை: வருவாய்க் கிராமம், புல எண், உட்பிரிவு, பயிர், கணக்கெடுத்த பரப்பு, சேத சதவீதம், அனுமதித்த தொகை, பணம் ஏறிய தேதி. ஆதார், வங்கிக் கணக்கு எண்களைக் கேட்காதீர்கள். அதைக் காட்டியே மனுவைத் திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அடுத்த கிராம சபையில், கணக்கெடுப்புப் பட்டியலைப் பட்டுவாடாவுக்கு முன்பே ஊராட்சிப் பலகையில் ஒட்டக் கோரும் தீர்மானம் கொண்டுவருகிறோம். பட்டா, அடங்கல் நகல்களோடு அனைவரும் வாருங்கள். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார்.

செயலாளர்