சீட்டை மடித்துப் போடு, மகன்

அன்பு மகனுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் முழங்கால் வலி பழையபடிதான். அம்மம்மா உன்னைக் கேட்டபடி இருக்கிறா. முற்றத்து மாமரம் இந்த முறை நன்றாகப் பூத்தது, ஆனால் காற்றுக்கு எல்லாம் கொட்டிவிட்டது.

போனில் கதைத்தால் "ம்", "சரி அம்மா", "சாப்பிட்டேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசி.

நீ குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டுப் போனதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. சித்தப்பா அன்றைக்குப் போட்ட செய்தி எனக்கும் பிடிக்கவில்லை. "நம்மட ஆக்களுக்குப் போடாதவன் நம்மட ஆளே இல்லை" என்று ஒரு பெரிய மனிதர் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் எழுதலாமா? வெள்ளிக்கிழமை காளி கோவில் வாசலில் வைத்து அவரிடமே கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சரி, அது எங்கள் பாடு. உன்னுடைய கோபம் நியாயம்தான். ஆனால் சித்தப்பாவில் கோபம் என்றால் அம்மாவோடு ஏன் கதைக்காமல் இருக்கிறாய்?

நேரத்துக்குச் சாப்பிடு. ஒவ்வொரு ராத்திரியும் கொத்து வாங்கிச் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தலுக்கு ராத்திரி பஸ்ஸில் வந்து, குளித்து, வாக்குப் போட்டுவிட்டு, மத்தியானச் சோற்றைக்கூடப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனாய். சாப்பிடும்போதும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். பரீட்சை நெருக்கம் என்று நினைத்தேன். பிறகுதான் சுஜி சொன்னாள். உங்கள் பட்ச் குழுவில் எல்லாரும் மை பூசின விரலைப் படம் எடுத்துப் போடவேண்டுமாம், யாருக்குப் போட்டது என்றும் எழுதவேண்டுமாம். எழுதாதவனோடு ஹொஸ்டலில் ஒருத்தரும் கதைக்க மாட்டார்களாம், சாப்பாட்டுக்கும் கூப்பிட மாட்டார்களாம். நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. எழுதினாயா என்றும் கேட்கவில்லை. யாருக்குப் போட்டாய் என்று எந்தக் காலத்திலும் கேட்க மாட்டேன், அது எனக்குத் தேவையும் இல்லை. அந்த ஹொஸ்டலில் நீ தனியாகச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

2024 பாராளுமன்றத் தேர்தலுக்கு எனக்கு மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில் கடமை விழுந்தது உனக்குத் தெரியும். என் வாக்கை முதலே தபாலில் போட்டுவிட்டு, மற்றவர்கள் போடுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதானே எனக்கு எப்போதும். நவம்பர் மழை, வாசல் முழுக்கச் சேறு. பத்து மணி போல உன் வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவனோடு வந்த பையன்கள் வெளியே மதிலடியில் நின்றார்கள். நான் பெயரையும் இலக்கத்தையும் சத்தமாக வாசித்தேன், கட்சி முகவர்கள் தங்கள் இடாப்பில் கோடு போட்டார்கள், அடுத்த மேசையில் விரலில் மை வைத்தார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குப் பின்னால் போனவன் வெளியே வரவே இல்லை. மதிலடியில் இருந்து ஒருவன் விசில் அடித்தான். அதற்குப் பிறகுதான் வந்தான், சீட்டு மடிக்காமல் கையில் விரிந்தபடி இருந்தது. பெட்டி இருந்தது ஒரு பக்கம், அவன் பார்த்தது வாசல் பக்கம். வாக்குச்சாவடிக்குப் பொறுப்பான எங்கள் எஸ்.பி.ஓ. எழும்பி, "தம்பி, மடியுங்கோ" என்றார். மடித்தான். பெருவிரல் நகத்தால் மடிப்பை ஒருமுறை அழுத்தித் தேய்த்தான். போட்டுவிட்டுப் போகும்போது அவன் முகத்தைப் பார்த்தேன் மகன், ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

சீட்டில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. வெளியே போய் நண்பர்களுக்கு அவன் என்ன சொன்னானோ தெரியாது. என்னவும் சொல்லியிருக்கலாம். அங்கே யாருக்கும் உண்மை சொல்லவேண்டிய கடன் அவனுக்கு இல்லை.

நீ வாக்களித்தாயா இல்லையா என்பது ஊருக்கே தெரியும், முகவர்கள் அதை எழுதிவைத்திருக்கிறார்கள். யாருக்கு என்பது மட்டும் ஒருத்தருக்கும் தெரியாது. சீட்டைப் படம் பிடிப்பது குற்றம் என்று சட்டம் வைத்திருப்பதும் இதற்காகத்தான். வாக்கைக் காசுக்கு வாங்குகிறவனுக்கும் மிரட்டுகிறவனுக்கும் காட்ட ஒன்றும் இல்லாமல் போகவேண்டும். அந்தப் பாதுகாப்பைத்தான் உன் நண்பர்கள் சிரித்துக்கொண்டு கேட்கிறார்கள். சித்தப்பா கேட்பதும் அதையேதான். கட்சிதான் வேறு.

நம்முடைய மாவட்டத்தில் பாராளுமன்றத்துக்கு நான்கு இடம். போன தடவை இரண்டு திசைகாட்டிச் சின்னத்துக்கு (தேசிய மக்கள் சக்தி), ஒன்று வீட்டுக்கு (தமிழரசுக் கட்சி), ஒன்று தொலைபேசிக்கு (ஐக்கிய மக்கள் சக்தி). நம் ஒழுங்கைக்குள்ளேயே மூன்றுக்கும் போட்டவர்கள் இருப்பார்கள். அதில் என்ன பிழை? வீட்டுக்குப் போட்டவனைப் பழைய பஞ்சாங்கம் என்றும், திசைகாட்டிக்குப் போட்டவனை இனத்தை விற்றவன் என்றும் சொல்கிற பேச்சைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீ அப்படிப்பட்ட பிள்ளை இல்லை. 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு முதல் நாள் அம்மம்மாவை விறாந்தையில் இருத்தி, 39 பெயர் உள்ள அந்த நீளச் சீட்டைக் கொப்பித்தாளில் கீறிக்காட்டி, 1, 2, 3 என்று எப்படிப் போடுவது என்று சொல்லிக்கொடுத்தாய். "முதல் ஆளுக்குப் பாதி வாக்குக் கிடைக்காவிட்டால் இரண்டாவது எண்ணுவார்கள்" என்று நீ சொன்னபோது நானே நம்பவில்லை, இந்த நாட்டில் அப்படி ஒருநாளும் நடந்ததில்லையே என்றேன். அந்தத் தேர்தலிலேயே நடந்தது. யாருக்குப் போடுவது என்று அம்மம்மா கேட்டதற்கு, "அதை நான் சொல்லக்கூடாது அம்மம்மா" என்றாய். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சமில்லை. அந்த மரியாதையை அம்மம்மாவுக்குக் கொடுத்த நீ, உனக்கும் அதைக் கேட்டு வாங்கு.

வகுப்பில் 1931 தேர்தலைப் படிப்பிக்கும்போதெல்லாம் இப்போது உன் நினைவு வருகிறது. எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தல் அது. யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் பகிஷ்கரிக்கச் சொன்னது, வடக்கில் நான்கு தொகுதிகள் ஆளில்லாமல் கிடந்தன, 1934 வரைக்கும். சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாதி பார்க்கக்கூடாது என்று நின்ற, நன்றாகப் படித்த பிள்ளைகள். 2005 ஜனாதிபதித் தேர்தல் கதை உனக்கு அப்பா சொல்லியிருப்பார். நீ பிறந்து சில மாதம். வாக்குப் போடப் போகவேண்டாம் என்று புலிகளின் பக்கமிருந்து சொல் வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்கவில்லை. வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இரண்டு லட்சம் வாக்குகூட வித்தியாசம் இல்லை. அதற்குப் பிறகு வந்த வருடங்களை நான் எழுதத் தேவையில்லை. "எல்லாரும்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம் வருவது அதனால்தான். யார் அந்த எல்லாரும் என்று கேள். பெயர் சொல்லச் சொல்லு.

காந்தி சிலையடியால் போகும்போது அப்பா ஏன் கதைக்காமல் வருகிறார் என்று நீ சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். 2006 ஜனவரி 2ஆம் திகதி அங்கே கடற்கரையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ராத்திரி உன்னை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அதற்குப் பிறகு இந்த ஊரில் பிள்ளை வளர்த்த எந்தத் தாயும், மகன் பத்துப் பேரோடு நிற்கிறான் என்றால் முதலில் பயப்படுவாள், பிறகுதான் ஏன் நிற்கிறான் என்று கேட்பாள். நீ அரசியல் பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பேசு. ஊர்வலம் சரி என்று உனக்குப் பட்டால் போ. உன் மனதுக்குச் சரியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஹொஸ்டலில் சோற்றுக்குக் கூப்பிடுவார்கள் என்பதற்காகப் போகாதே.

உன் அறைக்காரப் பையன், குருநாகல் பிள்ளை, வந்து நின்றபோது ஒடியல் கூழை இரண்டு கோப்பை குடித்தானே, அவன் எப்படி இருக்கிறான்? அவனோடு நீ சிங்களத்தில் தடுமாறாமல் கதைத்ததைப் பார்த்து அப்பா நாள் முழுக்க ஆட்களுக்குச் சொல்லித் திரிந்தார். அவனுக்கும் இந்த வில்லங்கம் இருக்கிறதா? இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து நில்லுங்கள். ஒருவன் தனியாக "சொல்ல மாட்டேன்" என்றால் கர்வம் என்பார்கள், இரண்டு பேர் சொன்னால் மூன்றாவது ஆளுக்கும் துணிவு வரும்.

உங்கள் குழுவில் பேச உண்மையிலேயே விஷயம் வேண்டும் என்றால் ஒன்று சொல்கிறேன். கிழக்கு மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்குப் போட்டது 2012இல், உனக்கு ஏழு வயது. 2017இல் அதன் காலம் முடிந்தது. அன்றிலிருந்து வரும் வரும் என்கிறார்கள். என் பாடசாலையின் கூரையும் ஆசிரியர் இடமாற்றமும் அந்தச் சபையின் கையில் இருக்கவேண்டியவை. விரலைப் படம் பிடித்துப் போடச் சொல்கிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கிறார்களா?

சரி, நிறைய எழுதிவிட்டேன். ஜி.எஸ். (கிராம சேவகர்) வாக்காளர் பெயர் பதிய வந்தபோது உன் பெயரை நம் வீட்டிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறேன். அங்கே மாற்றவேண்டும் என்றால் சொல்லு, அதுவும் உன் விருப்பம். சாப்பாட்டுக் காசு தனியாக அனுப்பியிருக்கிறேன், அப்பாவுக்குத் தெரியாது. ஞாயிறு பின்னேரம் எடுப்பேன். யாருக்குப் போட்டாய் என்று கேட்க மாட்டேன். யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்பேன், அதற்கு மட்டும் உண்மையைச் சொல்லு.

அன்புடன்,
அம்மா
உவர்மலை, திருகோணமலை