பஸ் பயணத்தின் மேல் பழி போடாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. எலிகளோடு வேலை நடக்கும் நாட்கள், ராத்திரி பத்து மணி வரை ஆய்வுக்கூடத்திலேயே கிடந்தேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள்.

அப்பாவின் காலில் ரத்தம் உறைந்ததற்கு, நீ அவரை எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்துக் கூட்டிப்போனதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. காலைத் தொங்கப்போட்டு வெகுநேரம் உட்கார்ந்தால் உறைவு வரலாம், மறுக்கவில்லை. ஆனால் வேர் அவர் வயிற்றில் உள்ள புற்றுக்கட்டியில் இருக்கிறது. இத்தனை வருடமாக நான் செய்யும் வேலையே இதுதான், அதனால் நம்பு.

டிஷ்யூ ஃபேக்டர் என்று ஒரு புரதம். சாதாரணமாக ரத்தக்குழாய்க்கு வெளியேதான் இருக்கும். காய் நறுக்கும்போது விரல் வெட்டுப்பட்டால் ரத்தம் அதைத் தொடுகிறது, உடனே உறையத் தொடங்குகிறது. புற்றுச்செல்கள் பல இதே புரதத்தை ஏராளமாகச் செய்து, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளில் ஏற்றி ரத்தத்தில் விட்டுவிடுகின்றன. வெட்டே விழாத இடத்தில் வெட்டு விழுந்ததாக உடம்பு ஏமாறுகிறது. நோயாளிகளின் பிளாஸ்மாவில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், அந்தத் துணுக்குகளைத் தேடுவதுதான் என் அன்றாடம்.

அலோக் கொரானா என்ற மருத்துவர் 2008-இல் ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார். கீமோ தொடங்குபவர்களில் யாருக்கு உறைவு வரும் என்று முன்கூட்டிக் கணிப்பதற்கு. புற்று எந்த உறுப்பில், ரத்தம் உறைய உதவும் தட்டணு எவ்வளவு, வெள்ளணு எவ்வளவு, ஹீமோகுளோபின், உடல் பருமன், இவ்வளவுதான் கணக்கு. வயிறும் கணையமும் என்றால் எடுத்த எடுப்பிலேயே 2 மதிப்பெண். பஸ் பயணம் அதில் எங்குமே இல்லை.

இது புதிதாகத் தெரிந்த சங்கதியும் இல்லை. பாரிஸில் ஆர்மான் ட்ரூஸோ என்ற மருத்துவர் 1865-இலேயே, காரணமில்லாமல் ரத்தம் உறைந்தால் உள்ளே புற்று ஒளிந்திருக்கலாம் என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்தினார். 1867 புத்தாண்டு நாளில் அதே அறிகுறியைத் தன் உடம்பிலேயே கண்டார். தனக்கு என்ன நோய் என்று மாணவரிடம் அவரே சொல்லிவிட்டார். அந்த ஜூன் மாதம் இறந்துபோனார். அவர் காலத்தில் உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் என்ற மருந்து கிடையாது, அது 1916-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அப்பாவுக்கு இருக்கிறது.

மாத்திரை போதாதா, தினமும் வயிற்றில் ஊசி எதற்கு என்று அம்மா கேட்டார்களாமே. 2003-இல் ஆக்னஸ் லீ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பழைய மாத்திரை சாப்பிட்டவர்களில் ஆறு மாதத்துக்குள் நூற்றுக்கு 17 பேருக்கு மறுபடி உறைந்தது. ஹெப்பாரின் வகையான டால்டிபாரின் ஊசி போட்டவர்களில் 9 பேருக்குத்தான். இப்போது புது மாத்திரைகளும் உண்டு. ஆனால் வயிற்றில் கட்டி இருப்பவர்களுக்கு அவற்றில் சில ரத்தக்கசிவை அதிகமாக்கும். டாக்டர் ஊசியிலேயே நிற்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் இப்படியே சொல்.

என் வேலையைப் பற்றிக் கேட்டாயே. ரத்தத்தில் மிதக்கும் புற்றுச்செல்லைத் தட்டணுக்கள் போர்வை மாதிரி சுற்றிக்கொள்கின்றன. நம் காவல் செல்களுக்கு அது தெரிவதில்லை. 1968-லேயே கேப்ரியல் காசிக், தட்டணுவைக் குறைத்த எலிகளில் புற்று பரவுவதும் குறைகிறது என்று காட்டினார். அப்படியானால் உறைவைத் தடுக்கும் மருந்தே புற்றையும் தடுக்காதா? அந்த ஆசையில்தான் நான் இந்தத் துறைக்கே வந்தேன். ஆனால் 2,202 நுரையீரல் புற்று நோயாளிகளிடம் டால்டிபாரினைச் சோதித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. உறைவு குறைந்தது, ஆயுள் கூடவில்லை. படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. எலிக்கும் மனிதருக்கும் நடுவில் எதைத் தவறவிடுகிறோம் என்றுதான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

சரி, ஒன்றை மட்டும் மறக்காதே. அப்பாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. கறுப்பாக மலம் போனாலும் அப்படியே. ஊசியை டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட நிறுத்தாதே.

அடுத்த ஸ்கேன் எப்போது? முடிவு வந்ததும் எழுது, எந்த நேரமானாலும் போனும் செய். நான் எழுதியதாக இதை அப்பாவுக்கும் படித்துக் காட்டு. அந்த பஸ் பயணத்துக்காக அவரும் உன்னை நினைத்து மனசுக்குள் வருந்திக்கொண்டிருப்பார், எனக்கு அவரைத் தெரியும்.

உன்
பழைய அறைத்தோழன்