பேச்சுக்கால் முற்றாகட்டும், பிறகு சொல்லுங்கள்

மேஜர் லீக் பேஸ்போல் ஆணையாளர் அவர்களுக்கும், 30 அணிகளின் பொது முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

போன கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம் என் கைபேசி மறுபடியும் அதிர்ந்தது. எங்கள் ரொறன்ரோ புளூ ஜேஸ் அணி இன்னொரு பெரிய ஆட்டக்காரருடன் ஒப்பந்தப் பேச்சின் ‘இறுதிக் கட்டத்தில்’ இருக்கிறதாம். மகனிடம் நீட்டினேன். 13 வயது. புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தவன் தலை நிமிரவே இல்லை. “கையெழுத்து வைச்ச பிறகு சொல்லுங்கோ அப்பா” என்றான். இரண்டு நாளில் அந்தச் செய்தி இருந்த இடம் தெரியாமல் போனது.

அவன் முன்பு இப்படி இருந்தவன் இல்லை. 2023 டிசம்பர் 8 உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளிக்கிழமை. பள்ளிக்கூடத்தால் வந்தவன் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கைபேசித் திரையில் ஒரு குட்டி விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கலிபோர்னியாவில் கிளம்பி ரொறன்ரோவுக்கு வரும் தனியார் விமானம். உள்ளே ஜப்பானிய நட்சத்திர ஆட்டக்காரர் ஷோஹெய் ஓட்டானி இருக்கிறார், எங்கள் அணியில் சேர வருகிறார் என்று ஊரே நம்பியது. அப்போது எங்கள் அணியில் இருந்த இன்னொரு ஜப்பானியர் கிகுச்சி, சுஷிக் கடை ஒன்றை முழுதாகப் பிடித்துவிட்டார் என்று வேறு ஒரு கதை. எங்கள் வீட்டுப் பிரச்சினை அதைவிடப் பெரியது: ஓட்டானி போடும் 17ஆம் இலக்கம் ஏற்கனவே எங்கள் ஆட்டக்காரர் ஹோசே பெரியோஸின் முதுகில் இருக்கிறதே, அவர் விட்டுக்கொடுப்பாரா? “கொடுப்பார், நல்ல மனிசன்” என்று மகன் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

விமானம் இறங்கியது. இறங்கி வந்தவர் ரொபர்ட் ஹெர்ஜாவெக், தொலைக்காட்சியில் வரும் கனடிய வியாபாரி. பாவம், அவர் தன் பாட்டில் வீட்டுக்கு வந்தார். அடுத்த நாள் ஓட்டானி லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸுக்குப் போவதாகத் தானே அறிவித்தார். 10 ஆண்டு, 70 கோடி டொலர். அங்கே 17ஐ விட்டுக்கொடுத்த ஆட்டக்காரர் ஜோ கெலியின் மனைவிக்கு ஓட்டானியிடமிருந்து ஒரு போர்ஷே கார்கூடக் கிடைத்தது. பெரியோஸ் வீட்டில் அதை எப்படிப் பார்த்தார்களோ.

ஓட்டானி மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் வருகிறேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொன்னது வேறு ஆட்கள், அதிலும் அவர் ரொறன்ரோவுக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று சொன்னவர் உங்கள் சொந்தத் தொலைக்காட்சியின் செய்தியாளர். அவர் பிறகு மன்னிப்புக் கேட்டார், அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். நீங்கள்தான் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் கலியாணப் பேச்சுக்கால் நடக்கும்போது ஒரு வழக்கம் உண்டு. சாதகம் பொருந்தி, இரண்டு வீட்டாரும் சரி என்று சொல்லி, நாள் குறிக்கும்வரை அக்கம்பக்கத்துக்கு மூச்சு விடமாட்டோம். ஏன் என்று சின்ன வயதில் அம்மம்மாவிடம் கேட்டிருக்கிறேன். கலைந்துபோனால் பெரியவர்கள் வேறு இடம் பார்ப்பார்கள், பிள்ளைதான் அதற்குப் பிறகும் அதே ஒழுங்கையால் நடக்க வேண்டும் என்றார். உங்களுடைய வழக்கம் நேர்மாறு. முதலில் ஊருக்குச் சொல்வது, பிறகு சாதகம் பார்ப்பது, பிள்ளைக்குக் கடைசியில்.

2015 ஜூலை 29ஐ நினைத்துப் பாருங்கள். நியூயோர்க்கில் ‘சிட்டி ஃபீல்ட்’ மைதானம், ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது. நியூயோர்க் மெட்ஸ் அணியின் வில்மர் ஃபுளோரஸை மில்வோக்கி அணிக்குக் கொடுத்து அங்கிருந்து கார்லோஸ் கோமெஸை எடுக்கிறார்கள் என்ற செய்தி மைதானத்தில் இருந்த எல்லோருடைய கைபேசிக்கும் வந்துவிட்டது. ஒருவரைத் தவிர. அவர் உள்ளே பந்து பிடித்துக்கொண்டிருந்தார். வெனிசுவேலாவில் 16 வயதில் அந்த அணியில் சேர்ந்தவர், வேறு அணி தெரியாதவர், 24 வயது நிறைய இன்னும் ஒரு கிழமை. அவர் மட்டை பிடிக்க வந்தபோது சனம் எழுந்து நின்று கை தட்டியது. உயிரோடு இருக்கிறவனுக்குச் செத்தவீடு நடத்தினது போல. தன்னை விற்றுவிட்டார்கள் என்று அந்தப் பெடியன் பார்வையாளர் வரிசையிலிருந்துதான் அறிந்தார். திரும்பக் களத்துக்குப் போய், தன் இடத்தில் நின்று, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து விளையாடினார். பயிற்றுநருக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. கமெரா மட்டும் அந்த முகத்தைவிட்டு நகரவில்லை.

அப்புறம் பார்த்தால் அந்த மாற்றமே நடக்கவில்லை. கோமெஸின் இடுப்பில் சந்தேகம் என்று மெட்ஸ் பின்வாங்கிவிட்டது. இரண்டு நாள் கழித்து, அதே மைதானத்தில், வொஷிங்டனுக்கு எதிராக 12ஆவது இன்னிங்ஸில் ஃபுளோரஸ் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்தார். சட்டையிலுள்ள அணியின் பெயரைப் பிடித்து இழுத்துக் காட்டியபடி ஓடிவந்தார். அந்தக் காட்சியை இன்றும் நீங்கள் பெருமையாகப் போட்டுக் காட்டுகிறீர்கள். அதற்கு முன் வந்த கண்ணீருக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் காட்டுவதில்லை.

ஆகவே என் கோரிக்கை சின்னது. ஆட்டக்காரர் பெயர் ஊர் வாய்க்குப் போக முன், அவர் காதுக்குப் போகட்டும். மருத்துவர் பார்த்து, கையெழுத்தும் விழுந்த பிறகு மற்றவர்களுக்குச் சொல்லுங்கள்.

மருத்துவர் என்றதும் ஆட்டக்காரர் கார்லோஸ் கொரெயா நினைவுக்கு வருகிறார். 2022 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுடன் 13 ஆண்டு, 35 கோடி டொலர் என்று உலகமே வாழ்த்தியது. அறிமுகக் கூட்டத்துக்கு நாளும் நேரமும் வைத்து, மருத்துவர்கள் அவருடைய பழைய கணுக்கால் காயத்தில் சந்தேகப்பட்டதால் அன்று காலையே நிறுத்தினார்கள். அன்றிரவே மெட்ஸ், 12 ஆண்டு, 31.5 கோடி. அவர்களுடைய மருத்துவர்களும் அதே கணுக்காலைப் பார்த்து முகம் சுளித்தார்கள். கடைசியில் ஜனவரியில் தன் பழைய அணியான மினசோட்டாவுக்கே திரும்பி, 6 ஆண்டு, 20 கோடி. இவ்வளவு காசு வாங்குகிறவருக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். 2014இல் அறுவைச் சிகிச்சை செய்த ஒரு மனிதனின் கணுக்கால் பற்றி, அவரை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காத என்னைப் போன்றவர்கள் மூன்று கிழமை கடையிலும் பேருந்திலும் கதைத்துக்கொண்டிருந்தோம். அதுதான் குறை.

சில பேச்சுக்கால் கலைந்தது நல்லதுக்கு என்பதும் தெரியும். 2003இல் டெக்சஸ் அணியின் அலெக்ஸ் ரொட்ரிகஸ் பொஸ்டனுக்கு வந்திருந்தால், பொஸ்டனின் மனி ராமிரெஸ் டெக்சஸுக்குப் போயிருப்பார். சம்பளத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்க ரொட்ரிகஸ் தயாராக இருந்தும் ஆட்டக்காரர் சங்கம் ஒப்பவில்லை. (தொழிலாளி குறைத்துக் கேட்க, கூடாது என்று சங்கம் சொன்ன அதிசயத்தை வேறு எந்தத் தொழிலில் பார்க்கலாம்?) அடுத்த ஆண்டு பொஸ்டன் உலகத் தொடர் எனும் இறுதிப் போட்டியை வென்று 86 ஆண்டுக் காத்திருப்பை முடித்தது, அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அதே மனி. ஆனால் அந்தப் பேச்சோடு சேர்ந்து தானும் சிக்காகோவுக்குத் தள்ளப்பட இருந்ததை பொஸ்டனின் நோமார் கார்சியாபாரா தேனிலவில் இருந்தபடி கேட்டு, வானொலிக்கே தொலைபேசி எடுக்க வேண்டியிருந்தது. புது மனிசியுடன் போன இடத்தில்.

செய்தியாளர்களை எங்களால் தடுக்க முடியாது என்று பதில் வரும். அவர்கள் வாயை மூடச் சொல்லி நான் கேட்கவே இல்லை. பேச்சு நடக்கும் அறையில் இருப்பவர்கள் உங்கள் அணிகளின் ஆட்களும் முகவர்களும்தான். அணிக்காரர் வாயைக் கட்டுவது உங்கள் கையில்தானே இருக்கிறது? 1976இல் ஓக்லண்ட் அணியின் உரிமையாளர் சார்லி ஃபின்லி, தன் ஆட்டக்காரர் வைடா புளூவை நியூயோர்க்குக்கும் ரோலி ஃபிங்கர்ஸ், ஜோ ரூடி இருவரைப் பொஸ்டனுக்கும் 35 இலட்சம் டொலருக்கு விற்றபோது, அன்றைய ஆணையாளர் போவி கூன் விளையாட்டின் நலன் என்ற ஒரே சொல்லில் முழுவதையும் ரத்துச் செய்தார். நடந்து முடிந்த விற்பனையை நிறுத்த முடிந்த அலுவலகத்துக்கு, நடக்காத விற்பனையைப் பற்றி வாய் திறக்காதே என்று ஒரு சுற்றறிக்கை அனுப்ப முடியாதா?

2025 நவம்பர் 1ஆம் தேதி இரவைப் பற்றி நான் எழுத வரவில்லை. உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம், 11ஆவது இன்னிங்ஸ், எங்கள் மைதானத்தில், அதே ஓட்டானியின் அணி. அது களத்தில் தோற்றது. அழுதோம், முடிந்தது. களத்தில் தோற்பதற்கு என் மகன் தயார். விமானத்தில் தோற்பதற்குத்தான் அவனுக்கு இனி மனமில்லை.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். தயவுசெய்து முதலில் அந்த ஆட்டக்காரருக்குச் சொல்லுங்கள். கையெழுத்து ஆன பிறகு எங்களுக்குச் சொல்லுங்கள். இரவுச் சாப்பாட்டு நேரமாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
மைதானத்தின் உச்சியில், 500ஆம் தட்டில் இருந்து ஆட்டம் பார்க்கும் ஒரு தகப்பன்
ஸ்காபரோ