தேன்கனிக்கோட்டை லேத் அண்ணனுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

வண்டி இன்று விடியற்காலை ஒரே செல்ஃபில் எடுத்துவிட்டது. வெள்ளைப் புகையும் இல்லை, தட்டலும் இல்லை. மிலிட்டரி ஏலத்தில் வந்த அந்தப் பழைய டீசல் ஜீப் நின்றுபோனதால் அஞ்செட்டி மலைப்பக்கம் என்ன பாடு பட்டது என்பது இதைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதைத் திரும்பக் கிளற வேண்டாம். கைகொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி தேன்கனிக்கோட்டை லேத் பட்டறை அண்ணனுக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காதுகுத்துக்குக் கிளம்பி, வெள்ளை வேட்டியோடு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட மனிதர் அவர். எங்களைப் பார்த்ததும் ஷட்டரை மறுபடி தூக்கினார்.

சிக்கல் மூன்றாவது சிலிண்டரில். குளிரில் இன்ஜின் கிளம்ப சிலிண்டருக்குள் சூடு கொடுக்கும் ஹீட்டர் பிளக்கில் பழையது கழன்று வந்துவிட்டது, ஆனால் புதியது இரண்டு மரைக்கு மேல் ஏறவில்லை. வருஷக்கணக்கான கரி மரைக்குள் இறுகிக் கிடந்தது. இந்த நிலையில் ஸ்பேனர் போட்டு அழுத்தினால் பிளக் கோணலாக ஏறி, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டின் மரையை அழித்துவிடும். அப்புறம் ஹெட்டை இறக்குவதைத் தவிர வழியில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மரை வெட்டும் டேப் போடச் சொன்னார்கள். அண்ணன் மட்டும் வேண்டாம் என்றார். "டேப்பு இரும்ப வெட்டும்ப்பா. உனக்கு வெட்ட வேணாம், கரிய வழிச்சா போதும்." டேப் துளி சாய்ந்தாலும் மரை போச்சு, வெட்டுப்பட்ட துகள் பிளக் முனை நிற்கும் முன்னறைக்குள் விழுந்தால் அது தனிக் கதை.

கழிவு டப்பாவைக் கொட்டி, மரை கேஜ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு போல்ட்டை எடுத்தார். எம்12 (12 மி.மீ. தடிமன்), பிட்ச், அதாவது மரைக்கு மரை இடைவெளி, 1.25 மி.மீ. இதைக் கவனிக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் எம்12 என்று கேட்டால் கொடுப்பது 1.75 பிட்ச், அதை இந்தத் துளையில் திருகினால் இருக்கிற மரையும் காலி. போல்ட்டின் நீளவாக்கில் ஆக்ஸா பிளேடால் மூன்று பள்ளம் அறுத்தார். ஓரப் பிசிறை அரத்தால் தேய்த்து, முனையைக் கொஞ்சம் கூம்பாக்கினார். பள்ளத்தில் கெட்டி கிரீஸை அப்பி, விரலால் மட்டும் திருகச் சொன்னார். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. இறுகினால் வெளியே எடுத்துத் துடைத்து, புது கிரீஸ். முதலில் வந்த கிரீஸ் மை போல இருந்தது, கடைசியில் வந்தது அதன் நிறத்திலேயே வந்தது. மரைக்குக் கீழே பிளக்கின் மெல்லிய முனை போகும் குறுகிய துளையையும் விடவில்லை. அதே அளவு டிரில் பிட்டை கிரீஸோடு கையால் சுற்றிக் கரியை எடுக்க வைத்தார். அங்கே கரி இருந்தால் முனையின் சூடு ஹெட்டுக்குப் போய்விடும், பிளக்கும் சீக்கிரம் போகும். பிறகு டீசலை அடைத்து, நான்கு பிளக்கும் இல்லாமல், துளைகள் மேல் துணி போட்டு இரண்டு விநாடி செல்ஃப் அடித்தோம். மிச்சமிருந்த தூள் துணியில் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் முகத்தை இன்ஜின் மேல் நீட்டக்கூடாது.

அதன் பிறகு புது பிளக் கையாலேயே கடைசிவரை இறங்கியது. முறுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் வேண்டாம். காசு என்று எடுத்தபோது, "கழிவு போல்ட்டுக்கு என்னப்பா காசு" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். வேட்டியில் கிரீஸ் கறை. காதுகுத்து வீட்டில் என்ன சொன்னாரோ!

மற்றவர்களைச் சேர்த்துத்தான் சொல்ல முடியும். போனிலேயே வழி சொன்ன ஓய்வுபெற்ற ராணுவ மெக்கானிக் ஐயாவுக்கு நன்றி. முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள், சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்து இன்ஜினைச் சூடாக்கி அப்புறம் கழற்றுங்கள், 45 நியூட்டன் மீட்டருக்கு மேல் போனால் நிறுத்திவிடுங்கள் என்றார். முனை வீங்கிய பிளக்கை வெடுக்கென்று இழுத்தால் முனை உடைந்து உள்ளே விழும். அவர் பேச்சைக் கேட்டதால்தான் நான்கும் முழுசாக வந்தன.

ராயக்கோட்டை எலக்ட்ரீஷியன் தம்பிக்கு நன்றி. பிளக்கைத் தொடும் முன் கரண்டைப் பார்க்க வைத்தது அவன்தான். பிளக்குகளை இணைக்கும் பட்டையில் 8 வோல்ட் மட்டும் வந்தது, பிளக்குகளுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேயின் முனைகள் கருகியிருந்தன. நான்கு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மெல்லிய வயரும் கருகிய ரிலேயும் அதைத் தாங்காது. ரிலேயை மாற்றாமல் பிளக்கை மட்டும் மாற்றியிருந்தால் காசு வீண். ஒவ்வொரு பிளக்கையும் சோதித்த விதமும் எளிது. பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுமுனையைப் பிளக் தலையில் வைத்தான். விளக்கு எரிந்தால் உள்ளே கம்பி அறவில்லை என்று அர்த்தம், எரியாவிட்டால் அது செத்த பிளக்.

ஓசூர் ஸ்பேர் கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பழைய பிளக்குகளைப் பார்த்தார். மூன்றில் 11 வோல்ட் என்று இருந்தது, அது 12 வோல்ட் வண்டிக்கானது. ஒன்றில் 23, அது 24 வோல்ட் வண்டிக்கான பிளக். ராணுவத்தில் 24 வோல்ட்டாக ஓடி, வெளியே வந்தபின் 12க்கு மாற்றப்பட்ட வண்டிகள் உண்டு. எடுத்து வைத்த பழைய பிளக்கையே யாரோ மாட்டியிருக்க வேண்டும். பாதி வோல்ட்டில் கால் பங்கு சூடுதான் வரும். மார்கழிக் காலையில் ஒரு சிலிண்டர் தூங்கியதற்கு அதுவே போதும். தலைகீழாக 12 வோல்ட் பிளக்கை 24ல் மாட்டினால் சில விநாடியில் எரிந்துபோகும். பிளக் வாங்கப் போகிறவர்கள் எண்ணைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

பேட்டரி கொடுத்தவர், தள்ளிய பையன்கள், டீ அனுப்பிய அக்கா, பால் வண்டியில் பொருளை ஏற்றி வந்தவர், எல்லோருக்கும் கும்பிடு.

இனி இந்த வண்டி காற்று இழுக்கும் வாயில் கொளுத்திய துணி காட்டப்படாது, ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயும் அடிக்கப்படாது. சிவந்து நிற்கும் பிளக் மேல் அந்த ஸ்ப்ரே பட்டால் பிஸ்டனோ ஹெட்டோ உடையும். ஒவ்வொரு கார்த்திகையிலும், குளிர் இறங்குவதற்கு முன், நான்கு பிளக்கும் பட்டையும் ரிலேயும் பார்க்கப்படும். அண்ணன் செய்து கொடுத்த போல்ட், கிரீஸ் துணியில் சுற்றி வண்டி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் எம்12 ஹீட்டர் பிளக் வைத்த பழைய டீசல் வண்டி யாரிடம் இருந்தாலும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். வாடகை கிடையாது. திருப்பித் தரும்போது பள்ளத்தில் இருக்கும் பழைய கிரீஸை வழித்துத் துடைத்துக் கொடுங்கள்.